சுருக்கத்தைக் கீறாதீர்கள்: கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஸ்க்ராட்ச்போர்டு முகம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு. பென்சிலில் முகம் வரைந்து பழகியவர் நீங்கள். முதல்முறையாக அதே முகத்தை ஸ்க்ராட்ச்போர்டில், அதாவது வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு மை பூசிய, கீறிய இடத்தில் வெள்ளை தெரியும் பலகையில், கீறிப் பார்த்தீர்கள். நெகட்டிவைப் பார்ப்பதுபோல வந்தது, தாத்தாவுக்கு இருபது வயது கூடியும் போனது. எந்த பிளேடு வாங்கினால் சரியாகும், படத்தைப் பலகைக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் படம் கெட்டதற்கு அவை இரண்டும் காரணம் இல்லை. கறுப்பைச் சேர்த்தே பழகிய கையை வெளிச்சத்தை எடுக்கும் கையாக மாற்றுவது எப்படி என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் பதினேழு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன், அதில் பாதிக் காலம் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். பென்சிலில் கைதேர்ந்தவர்கள் முதல் பலகையில் செய்யும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பென்சிலில் முகத்தைத் தொடங்கும்போது இமைக்கோடு, மூக்கின் ஓரம், உதடு பிரியும் கோடு, நெற்றிச் சுருக்கம் என்று கோடுகளைப் போடுகிறோம். அதே பழக்கத்தில் பிளேடை எடுத்ததும் அதே கோடுகளைக் கீறிவிடுகிறோம். படத்தில் அவையெல்லாம் கறுப்பு. சுருக்கம் என்பது தோல் மடிந்து வெளிச்சம் புகாத பள்ளம், இமைக்கோடு என்பது நிழல். நீங்கள் கீறியதும் அவை வெள்ளையாகிவிட்டன. நெகட்டிவ் மாதிரித் தெரிவதற்கும் வயது கூடியதற்கும் இந்த ஒரு காரணமே போதும். ஒவ்வொரு சுருக்கமும் பளிச்சென்று வெள்ளைக் கோடாக எழுந்து நின்றால் எந்த முகமும் முதிர்ந்துதான் போகும்.

சுருக்கத்தைக் கொண்டுவர சுருக்கத்தைத் தொடவே கூடாது. அதன் இரு பக்கமும் மேடாக இருக்கும் தோலில்தான் வெளிச்சம் விழுகிறது, அந்த மேட்டைத்தான் கீற வேண்டும். நடுவில் நீங்கள் தொடாமல் விட்ட மெல்லிய கறுப்பு தானாகவே சுருக்கமாகிவிடும். மூக்குக்கும் இதேதான். மூக்கின் ஓரத்தை வரையாதீர்கள். நிழல் பக்கத்துக் கன்னத்தில் சற்றே வெளிச்சம் எடுங்கள், அந்த வெளிச்சம் நிற்கிற இடத்தில் மூக்கு தொடங்கும். இதை ஒரு முறை கையால் செய்துபார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே முகத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு காகிதத்தைக் கசக்கி, பாதி விரித்து, விளக்குக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அதன் மடிப்புகளை ஒரு துண்டுப் பலகையில் கீறிப் பாருங்கள். தோலுக்குத் தேவையான பாடம் முழுக்க அதில் இருக்கிறது.

அடுத்தது சாம்பல் நிறம். புகைப்படத்தில் எங்கு பார்த்தாலும் சாம்பல், பலகையிலோ கறுப்பும் வெள்ளையும் மட்டும். மேலே இந்தியன் இங்க் என்னும் கறுப்பு மை, அடியில் சீனக்களிமண் பூச்சு, அவ்வளவுதான். வெள்ளைக் கோடுகளும் அவற்றுக்கு இடையில் மிஞ்சிய கறுப்பும் கண்ணில் கலந்துதான் சாம்பலாகின்றன. இந்தக் கலை அச்சுத் தொழிலில் வளர்ந்ததும் இதனால்தான். 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்கட்டையால் கறுப்பு மையில் சாம்பல் படிகளை அடிக்க முடியாது, ஒரு புள்ளியில் மை உண்டு அல்லது இல்லை. மரத்தில் செதுக்குவதைவிட விரைவாக, அதே கூர்மையான கறுப்பு வெள்ளைக் கோட்டை ஓவியரே தருவதற்கு இந்தப் பலகை வசதியாக இருந்தது. அதற்கும் முன்பே இங்கிலாந்தின் மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பெவிக் (1753–1828) பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் வெள்ளைக் கோடுகளாகவே சிந்தித்துச் செதுக்கியவர். அவருடைய பறவைகளின் இறகுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே கோடு நிற்கிறது, எங்கே கறுப்பு விடப்பட்டிருக்கிறது என்று கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சாம்பலைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கு இது புரிய பல ஆண்டுகள் ஆயிற்று. கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதியாக நம் கண்ணுக்குத் தெரியும் நடுச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்புவதில்லை. சுமார் 18 சதவீதத்தைத்தான் அனுப்புகிறது. புகைப்படக்காரர்கள் ஒளியளக்க வைத்திருக்கும் சாம்பல் அட்டை இந்த அளவில்தான் செய்யப்படுகிறது. அப்படியென்றால் பலகையில் நடுச் சாம்பல் வேண்டுமானால் பாதிப் பரப்பைக் கீறத் தேவையில்லை, ஆறில் ஒரு பங்கு கீறினாலே போதும். 0.2 மி.மீ. கோடு, பக்கத்தில் 1 மி.மீ. கறுப்பு, மறுபடி 0.2 மி.மீ. கோடு என்ற விகிதம். பாதிப் பரப்பைக் கீறிவிட்டால் அது நடுச் சாம்பல் இல்லை, வெள்ளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வெளிர்ச் சாம்பல். புதிதாகக் கீறுபவர்களின் முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வருவது இதனால்தான். பாதி என்று நினைத்துப் பாதியைக் கீறுகிறார்கள், பிறகு வெளிச்சமான இடத்துக்கு மேலே போக இடமே இருப்பதில்லை. இங்கின் கறுப்பும் பூச்சின் வெண்மையும் பலகைக்குப் பலகை சற்று மாறும் என்பதால் ஆறில் ஒன்று என்பதை அளவுகோல் வைத்துப் பின்பற்ற வேண்டாம். அதன் திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகக் கீறுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு, என்னிடம் கற்பவர்கள் யாரும் இதைத் தாண்டி முகத்துக்குப் போவதில்லை. ஒரு துண்டுப் பலகையில் இரண்டு சென்டிமீட்டர் சதுரங்கள் ஏழு. முதல் சதுரம் தொடாதது, ஏழாவது முழுக்கச் சுரண்டியது. நடுவில் ஐந்தையும் கோடுகளின் நெருக்கத்தை மட்டும் மாற்றி நிரப்புங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் படிகள் சமமாகத் தெரிய வேண்டும். பிறகு இந்தப் பட்டையைப் புகைப்படத்தின் மேல் வைத்து, நெற்றி எத்தனையாவது சதுரம், கன்னத்து நிழல் எத்தனையாவது என்று படத்தின் நகலிலேயே எண்களை எழுதிவிடுங்கள். கீறும்போது யோசிக்க வேண்டியதை முன்பே யோசித்து முடித்துவிட்டால் கை நிதானமாகப் போகும்.

இனி உங்கள் படம். நான் அதைப் பார்க்கவில்லை, ஆகவே இங்கே சொல்வது சில கேள்விகள்தான். பதிலை நீங்கள் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஒரு பக்கமாக விழுந்து, மறுபக்கக் கன்னம் நிழலில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அந்தப் படம் ஏற்கெனவே பாதி ஸ்க்ராட்ச்போர்டு. நேர் எதிரிலிருந்து சமமாக வெளிச்சம் விழுந்த படமென்றால் சிரமம். முகம் முழுக்க வெளிர்ச் சாம்பலாக இருக்கும், கறுப்புப் பலகையில் பெரும்பகுதியைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். அப்படிப்பட்ட படத்தில் பக்கவாட்டு நிழலைக் கற்பனையாகச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். முகத்தின் எலும்பமைப்பை நன்றாக அறிந்தவர்களுக்கு அது முடியும், ஆனால் சாயல் தப்பிப்போகும் ஆபத்து பெரிது. நான் செய்வது வேறு. இங்க் பூசாத வெள்ளைக் களிமண் பலகையை எடுத்து, முடி, மீசை, கண், கழுத்து நிழல் ஆகிய கறுப்பு இடங்களில் மட்டும் இங்க் பூசி, அந்தக் கறுப்புக்குள் மட்டும் கீறுவேன். தோல் பெரும்பாலும் வெள்ளையாகவே நின்றுவிடும். முன்வெளிச்சப் படங்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் அனுபவம்.

படம் மிகப் பழையது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவலாக இருந்த ஒரு வகை ஃபிலிமுக்குச் சிவப்பு நிறத்தை உணரும் திறன் கிடையாது. சிவந்த உதடும் தோலின் செம்புள்ளிகளும் அதில் உள்ளதைவிடக் கறுத்து விழும். கன்னத்தில் ஓர் இருட்டு தெரிந்தால் அது நிழல்தானா, தோலின் நிறமா என்று ஒரு கணம் யோசியுங்கள். வெளிச்சத்தின் திசையோடு பொருந்தினால் நிழல். பொருந்தாமல் தனியே கிடந்தால் நிறமாகவோ, படத்தில் விழுந்த கறையாகவோ இருக்கலாம். வேறொரு படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள தோலின் அளவுக்கே கொண்டுவந்துவிடலாம், யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

உள்ளங்கை அளவுப் படத்தைக் குறைந்தது 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பலகையின் அளவுக்கே அச்சிட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பிரதி: ஒன்று உள்ளபடி, இன்னொன்று நான்கே படிகளாகச் சாம்பலைச் சுருக்கியது. படத்தைத் திருத்தும் எந்த மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு. வேலை முழுக்க இந்த இரண்டாவது பிரதிதான் வழிகாட்டி, முதல் பிரதி நுணுக்கம் பார்க்க மட்டும். பெரிதாக்கும்போது ஆசைப்படாதீர்கள். முகம் படத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் பலகையில் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் நான் போகமாட்டேன். அதற்கு மேல் போனால் படத்தில் இல்லாத இமைமயிர்களை நாமே இட்டுக்கட்ட வேண்டிவரும். படத்தில் தெளிவில்லாத இடத்தைக் கறுப்பிலேயே விட்டுவிடுங்கள். பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்ளும், அதுவும் சரியாகவே நிரப்பிக்கொள்ளும்.

பலகைக்கு மாற்றுவது எளிது. அச்சுப் பிரதியின் பின்பக்கம் வெள்ளைச் சாக்குக்கட்டியைத் தேய்த்து, பலகை மேல் ஒட்டி, முனை மழுங்கிய பென்சிலால் மெதுவாக வரைந்தால் வெள்ளைக் கோடு விழும். அழுத்தினால் இங்கில் பள்ளம் விழுந்து, கடைசிவரை சாய்வான வெளிச்சத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். முக்கியமாக, எதை வரைகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கண், மூக்கு, வாய் என்று உறுப்புகளை வரையாதீர்கள். நான்கு படிப் பிரதியில் ஒரு படி முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லைகளை வரையுங்கள், நிலப்படத்தில் நாட்டெல்லை போடுவதுபோல. எந்தத் தீவு எத்தனையாவது சதுரம் என்று உங்களுக்குத் தெரியும். சாக்குக்கோடு வழிகாட்டி மட்டும்தான், அதன் மேலேயே கீறினால் பழைய தவறுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

பிளேடு விஷயத்தில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. கூரான முக்கோண முனையுள்ள 11ஆம் எண் பிளேடும் அதற்கான பிடியும் முக்கால்வாசி வேலைக்குப் போதும். நிமிர்த்திப் பிடித்தால் மெல்லிய கோடு, சாய்த்தால் அகலம். எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். முனை மழுங்கியதும் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும், அப்போதே மாற்றிவிடுங்கள். தோலின் புள்ளிகளுக்குப் பிடியில் செருகிய ஊசி ஒன்று நல்லது. ஃபைபர் கிளாஸ் பிரஷ்ஷையும் ஸ்டீல் வுல்லையும் தோலின் மென்மைக்காகப் பயன்படுத்துபவர்கள் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. பின்னணிக்கும் துணிக்கும் அவை அழகாக வேலை செய்கின்றன. முகத்தில் அவற்றின் தேய்ப்பு திசையற்றுப் போய் வடிவத்தைத் தட்டையாக்கிவிடுகிறது என்பது என் கருத்து, இதில் பிறர் அனுபவம் வேறாக இருக்கலாம். பிளேடைவிட முக்கியம் பலகை. ஓரத்தில் ஒரு கோடு கீறிப் பாருங்கள். உலர்ந்த மாவாக உதிர்ந்தால் களிமண் பூச்சு, வேலை செய்யலாம். மெழுகுபோலச் சுருண்டு வந்தால் அது குழந்தைகளுக்கான அட்டை, முகத்துக்கு ஆகாது. அட்டையில் பூசியதைவிட ஹார்டுபோர்டில் பூசியது நல்லது. அட்டையில் பூச்சு மெல்லியது, இரண்டாம் முறை கீறினாலே அடியிலுள்ள காகிதம் எட்டிப் பார்க்கும்.

முகத்தில் நேராக இறங்காதீர்கள். சட்டைக் காலரில் தொடங்குங்கள், கைக்கு அந்த நாளின் பதம் வரட்டும். பிறகு நெற்றி. தோலில் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் முகம் உருள்கிறதா தட்டையாகக் கிடக்கிறதா என்பது இருக்கிறது. கன்னத்தைக் கையால் தடவினால் விரல் எப்படி வளைந்து போகுமோ அப்படியே கோடு போகட்டும். சிறிய கோடுகள், ஒவ்வொன்றும் தொடக்கத்தில் அழுந்தி முடிவில் தானாகத் தேய்ந்து மறைய வேண்டும். இரண்டாம் அடுக்கைக் குறுக்காகப் போடும்போது செங்குத்தாகப் போடாதீர்கள், கொசுவலை போட்டதுபோல ஆகிவிடும். முதல் அடுக்குக்கு இருபது முப்பது பாகைச் சாய்வு போதும். வெள்ளை முடிக்கும் மீசைக்கும் ஒவ்வொரு மயிராகக் கீறும் ஆசை வரும். கற்றைகளாகப் பாருங்கள். கற்றைகளுக்கு நடுவிலுள்ள இருட்டுதான் முடியை முடியாகக் காட்டுகிறது. அந்த இருட்டைக் கீறிவிட்டால் பஞ்சுதான் மிஞ்சும்.

அதிகமாகக் கீறிவிட்டால் பயப்பட வேண்டாம். தண்ணீர் கலந்த இந்தியன் இங்கை மெல்லிய பிரஷ்ஷால் அந்த இடத்தில் பூசினால் வெள்ளை சாம்பலாக இறங்கும். நன்றாக உலர்ந்தபின் மறுபடி உச்ச வெளிச்சத்தை மட்டும் கீறலாம். இதை நான் தவறு திருத்த மட்டும் இல்லாமல், தோலுக்கு ஆழம் தரவே திட்டமிட்டுச் செய்கிறேன்: கீறல், நீர்த்த இங்க், அதன் மேல் மறு கீறல். மூன்று அடுக்கு சேரும்போது கோடுகளின் முரட்டுத்தனம் அடங்கிவிடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், களிமண் தீர்ந்துவிடும். மூடிய இடத்தின் பளபளப்பு மூல இங்கிலிருந்து சற்று வேறுபடும் என்பதையும் எதிர்பாருங்கள். முடிவில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறையும். துண்டுப் பலகையில் சோதித்துவிட்டே அசலில் அடியுங்கள்.

உதிரும் தூளை வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி பட்ட இங்கில் தடம் விழும். களிமண் தூளில் சிலிக்கா இருக்கக்கூடும், அது நுரையீரலுக்கு நல்லதல்ல. மென்மையான பிரஷ்ஷால் ஈரத்துணி மேல் தள்ளுங்கள், நீண்ட நேரம் வேலை செய்தால் முகமூடி அணியுங்கள். கைக்கு அடியில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கட்டும், விரலின் எண்ணெய் கறுப்பில் நன்றாகத் தெரியும். வலது கைக்காரர் என்றால் இடது மேல் மூலையிலிருந்து கீழே இறங்குவது வசதி.

சாயல் வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள். பலகையைப் போனில் படமெடுத்து, திரையில் மூலப்படத்தின் அளவுக்கே சிறிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிதாகப் பார்க்கும்போது தெரியாத பிழை, ஒரு கண் ஒரு படி கூடுதலாக வெளுத்திருப்பது போன்றவை, சிறிதாகும்போது உடனே தெரியும். உங்கள் பென்சில் அனுபவம் இங்கேதான் கைகொடுக்கும். சாயலைப் பிடிக்கும் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏ4 அளவில் ஒரு முகம் எனக்கு முப்பது மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். உங்கள் முதல் படத்துக்கு அதைவிட நேரமானால் அதில் தவறு எதுவுமில்லை.

கண்ணைக் கடைசியில் வையுங்கள். கருவிழியைத் தொடாமல் விடுங்கள். வெள்ளை விழி என்று பெயரே தவிர அது இமையின் நிழலில் கிடப்பது, படத்தில் பாருங்கள், மூன்றாவது நான்காவது சதுரத்துக்கு மேல் போகாது. உங்கள் முதல் முயற்சியில் தாத்தா முறைத்துப் பார்ப்பதுபோல இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த விழிகளை முழு வெள்ளையாகக் கீறியிருப்பீர்கள். எல்லாம் முடிந்தபின் கருவிழியில் ஒளி மின்னும் அந்தப் புள்ளி, படத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கமாக, ஊசி முனையால் ஒரு தொடல். மூக்குக்கண்ணாடி மறைத்து அந்தப் புள்ளி படத்தில் தெரியவே இல்லையென்றால் வைக்காதீர்கள்.